நம்பி நடந்தவர் சொன்ன வரலாறு

ஈப்போ, புந்தோங் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கம்போங் கச்சாங் பூத்தே. கடலையும் முறுக்கும் பக்கோடாவும் அங்கிருந்துதான் நாடெங்கும் போய்ச் சேருகின்றன. அந்தத் தொழிலை இங்கே கொண்டுவந்து ஊன்றியவர்களின் பூர்வீகம் தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரம். எட்டயபுரம் என்றதும் மகாகவி பாரதியாரை நினைக்காமல் இருக்க முடியுமா?

பாரதியாரின் பாடல்கள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் 1914ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு கேலிக் கதையை அறிந்தவர் குறைவு. 'பொன் வால் நரி' என்பது அதன் பெயர். அந்தக் கேலிக்கு இலக்கானது சென்னை அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபை. குறிப்பாக, அதன் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார். உலகத்துக்கு ஒரு புதிய ஜகத்குரு வரப்போகிறார், அவர் ஒரு தென்னிந்தியச் சிறுவனின் உடலில் இறங்குவார் என்று அந்தச் சபை அப்போது முழங்கிக்கொண்டிருந்தது. பாரதியார் சிரித்தார், படித்தவர்களும் சிரித்தார்கள்.

வெளியே நின்று சிரிப்பது சுலபம். ஆனால் உள்ளே போனவர்கள் ஏன் போனார்கள், போய் எதை இழந்தார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று வெளியே நின்றவரால் சொல்ல முடியுமா? அதைச் சொல்ல, நம்பி நடந்த ஒருவர் வேண்டும். பிரம்மஞான சபையின் கதையை அப்படிச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பெயர் எமிலி லட்யன்ஸ்.

மூவர் சொல்லும் மூன்று கதைகள்

எந்தப் புதிய சமய இயக்கத்தின் தொடக்க வரலாற்றையும் மூவர் சொல்வார்கள். பக்தர் சொல்வார், அதில் அற்புதம் மிகுந்திருக்கும். பகைவர் சொல்வார்; அதில் மோசடி மிகுந்திருக்கும். மூன்றாமவர், நம்பி இருந்து பிறகு விலகியவர். அவரைப் பக்தர்கள் துரோகி என்பார்கள். பகைவர்களோ அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, தங்களுக்கு வேண்டியதை மட்டும் கறந்துகொள்வார்கள்.

அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபை இதற்கு நல்ல உதாரணம். 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் அதைத் தொடங்கியபோது ஜோசப் ஸ்மித்துக்கு வயது 24. ஒரு தேவதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து புதிய வேதத்தை மொழிபெயர்த்ததாக அவர் சொன்னார். தகடுகளைக் கண்டதாகச் சாட்சி சொன்னவர்களில் டேவிட் விட்மர் என்பவரும் ஒருவர். 1838இல் விட்மர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1887இல் அவர் வெளியிட்ட பிரசுரம் தலைவர் எங்கெங்கே வழி தவறினார் என்று வெளிப்படையாகக் குறை சொன்னது. ஆனால் தகடுகளைக் கண்டது பொய் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. பக்தருக்கும் அவர் முழுதாக உதவவில்லை, பகைவருக்கும் உதவவில்லை.

இன்னொருவர் வில்லியம் லா. தலைவருக்கு நெருக்கமாக இருந்தவர். இரகசியமாக நடந்த பலதார மணத்தை எதிர்த்து, தம் நண்பர்களோடு 1844 ஜூன் 7ஆம் நாள் ஒரு பத்திரிகை வெளியிட்டார். மூன்றே நாளில் அதன் அச்சகம் நொறுக்கப்பட்டது. அந்தக் கலவரத்தின் தொடர்ச்சியாகச் சிறையில் அடைக்கப்பட்ட ஸ்மித், அதே மாதம் 27ஆம் நாள் ஒரு வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். ஸ்மித் பல பெண்களை மணந்திருந்ததை விளக்கமாக ஒப்புக்கொண்டு அந்தச் சபையே கட்டுரை வெளியிட்டது 2014ஆம் ஆண்டில்தான். விலகியவர் சொன்னதைச் சபை சொல்ல 170 ஆண்டுகள் ஆயின!

இந்த மோர்மன் சபை தமிழர்களின் வாசலையும் ஒருமுறை தட்டிப் பார்த்தது. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற மிஷனரி 1853இல் மதராஸ் வந்தார். பெரிய பலன் கிடைக்காமல் மறு ஆண்டே திரும்பினார். ஆனால் அமெரிக்காவில் பிறந்த இன்னோர் இயக்கம் பின்னர் அதே நகரில் ஆழமாக வேர் பிடித்தது. அதுதான் பிரம்மஞான சபை.

அடையாற்றில் ஓர் அலமாரி

ரஷ்யரான பிளவாட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் சபையைத் தொடங்கினார்கள். 1879இல் பம்பாய் வந்தார்கள். 1882 டிசம்பரில் அடையாறு அவர்களுக்குத் தலைமையகம் ஆனது. இமயத்துக்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் தங்களை வழிநடத்துகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன செய்தி.

வெள்ளைக்காரர் இந்திய ஞானத்தைப் புகழ்ந்து பேசியது அந்த நாளில் புதுமை. தாழ்வு மனப்பான்மையில் குனிந்திருந்த படித்த இந்தியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வடலூர் வள்ளலாரின் மாணாக்கரான தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் சபைக்கு ஒரு வாக்குமூலம் தந்தார். வெளிநாட்டிலிருந்து ஆன்மநேய ஒருமைப்பாட்டைப் பரப்புவோர் வருவார்கள் என்று தம் ஆசான் சொல்லியிருந்ததாகவும், அது இச்சபையைக் குறிப்பதாகவும் அவர் கருதினார். புதிய இயக்கம் மண்ணில் வேர் விடுவது இப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் பக்தியோடு அது கை கோத்துக்கொள்கிறது.

அடையாற்று மாளிகையில் ஓர் அலமாரி இருந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் அற்புதமாக வந்து சேர்வதாகப் பக்தர்கள் நம்பினார்கள். 1884இல் சபையின் வீட்டு நிர்வாகியாக இருந்த எம்மா கூலோம் வெளியேற்றப்பட்டார். பிளவாட்ஸ்கி எழுதியவை என்று சொல்லி, சில கடிதங்களை அவர் மிஷனரிகளிடம் கொடுத்தார். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை அவற்றை 1884 செப்டம்பரில் வெளியிட்டது. அற்புதங்கள் எல்லாம் ஏற்பாடுகள் என்பது குற்றச்சாட்டு. லண்டனிலிருந்து வந்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் 1885இல் பிளவாட்ஸ்கிக்கு எதிராகவே தீர்ப்பெழுதினார். ஆனால் நூறாண்டு கழித்து, 1986இல், அந்த அறிக்கையை அலசிய வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர், ஹாட்ஜ்சன் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டார் என்றார்.

எம்மா கூலோம் விலகியவர்தான். ஆனால் வேலை போன கோபம் அவருக்கு இருந்தது. அவர் சொன்னதை வாங்கி அச்சிட்டவர்களுக்கும் ஒரு நோக்கம் இருந்தது. அதனாலேயே அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அதனாலேயே மெய்யாகிவிடவும் செய்யாது.

கடற்கரையில் கண்ட சிறுவன்

1907இல் ஆல்காட் மறைந்தபின் அன்னி பெசன்ட் தலைவரானார். அவருடைய வலக்கை லெட்பீட்டர். சிறுவர்களுக்குச் சொன்ன தகாத ஆலோசனைகளுக்காக 1906இல் சபையை விட்டு விலக நேர்ந்தவர்; பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவனைப் பார்த்து, அவனைச் சுற்றியுள்ள ஒளியில் சுயநலத்தின் சாயலே இல்லை என்றார் அவர்.

அந்தப் பிள்ளைதான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. மதனபள்ளியில் 1895இல் பிறந்தவர். தாயை இழந்தவர். தந்தை நாராயணய்யா, ஓய்வு பெற்ற அரசு ஊழியர். சபையில் வேலை கிடைத்து அடையாறு வந்திருந்தார். சிறுவனுக்கும் தம்பி நித்யானந்தாவுக்கும் தனிப் பாடம், தனி உணவு, ஆங்கில உடை எல்லாம் ஏற்பாடாயின. 1911இல் 'கீழ்த்திசை நட்சத்திர சங்கம்' பிறந்தது. அதன் தலைவர் கிருஷ்ணமூர்த்தி!

சிறுவனின் முந்தைய பிறவிகள் முப்பதை லெட்பீட்டர் தம் ஞானக் கண்ணால் கண்டு சபைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். கி.மு. 22,662இல் தொடங்கும் அந்தப் பட்டியலில் சபையின் உறுப்பினர்கள் பலரும் வேறு வேறு பெயர்களில் வந்தார்கள். ஒரு பிறவியில் மனைவி, இன்னொன்றில் அண்ணன். பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று கேட்டு அலைவது உறுப்பினர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

தந்தைக்கு அச்சம் வந்தது. 1912இல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் இளம் வழக்கறிஞர் சி.பி. இராமசாமி ஐயர். பெசன்ட் தாமே தம் கட்சியை வாதாடினார். 1913 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அப்பா தோற்றார். பாரதியாரின் நரிக் கதை வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

எமிலி அம்மையார் வந்த வழி

எமிலி 1874இல் பிறந்தவர். தந்தை லிட்டன் பிரபு, 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைசிராய். அந்தப் பெயரைப் பேராக்கில் வாழும் தமிழர்கள் மறக்கக் கூடாது. மதராஸ் மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அவர் ஆட்சியில்தான் வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்ட அந்த நாளில், பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் மலாயாவுக்கும் வந்தார்கள். அந்த வைசிராயின் மகள் பின்னாளில் ஓர் ஏழை இந்தியச் சிறுவனின் காலடியில் உட்கார்ந்ததை வரலாற்றின் விந்தை என்றுதான் சொல்ல வேண்டும்.

கணவர் எட்வின் லட்யன்ஸ், புது டில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர். ஐந்து பிள்ளைகள். பிரான்சில் கணவர் வீடு கட்டிக்கொடுத்த ஒரு குடும்பத்தின் வழியாகத்தான் எமிலிக்குப் பிரம்மஞானம் அறிமுகமானது. 1910இல் சபையில் சேர்ந்தார். 1911 மே மாதம் லண்டன் ரயில் நிலையத்தில் பெசன்டோடு வந்து இறங்கிய கிருஷ்ணமூர்த்தியைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். சிறுவனுக்கு வயது ஏறக்குறைய 16, அவருக்கு 36. அன்று முதல் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. சங்கத்தின் இங்கிலாந்துப் பிரதிநிதி ஆனார். அதன் பத்திரிகையை நடத்தினார். ஊர் ஊராகப் பேசினார். தாயில்லாத அந்தப் பிள்ளை அவரை அம்மா என்றே அழைத்தது.

இங்கேதான் வெளியே நின்று சிரித்தவருக்குத் தெரியாத செய்தி இருக்கிறது. எமிலி முட்டாள் இல்லை. பணத்துக்கோ புகழுக்கோ போனவரும் இல்லை. வேலையே உலகம் என்று இருந்த கணவர், பொருள் இல்லாத மேல்குடி விருந்துகள், இவற்றின் நடுவே 'உன் வாழ்க்கைக்கு ஒரு பெரிய காரணம் உண்டு' என்று ஓர் இயக்கம் சொன்னது. அது போதுமாக இருந்தது. கொடுத்த விலையோ பெரியது. கணவரோடு இல்லறம் முறிந்தது. பிள்ளைகள் வளரும் காலத்தில் அம்மாவின் மனம் வேறோர் இடத்தில் இருந்தது.

அற்புதம் முற்றிய ஆண்டு

1925ஆம் ஆண்டு எல்லாம் உச்சத்துக்குப் போனது. ஹாலந்தில் கூடிய தலைவர்கள், இரவில் உறங்கும்போது சூட்சும உலகில் தீட்சைகள் நடப்பதாகவும், யார் எந்தப் படிக்கு உயர்ந்தார் என்பதையும் காலையில் அறிவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் எமிலியும் இருந்தார். ஆகஸ்டில் ஜகத்குருவின் அப்போஸ்தலர்கள் என்று சிலரின் பெயரைப் பெசன்ட் பகிரங்கமாகச் சொன்னார். பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியும் அதில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 21.

கிருஷ்ணமூர்த்தி அங்கு இல்லை. அமெரிக்காவில் காச நோயால் வாடிய தம்பியின் பக்கத்தில் இருந்தார். நித்யானந்தாவின் உயிர் இந்தப் பணிக்குத் தேவை, மகாத்மாக்கள் காப்பாற்றுவார்கள் என்று அண்ணன் நம்பினார். அந்த நம்பிக்கையில்தான் சபையின் பொன்விழாவுக்காக அடையாறு நோக்கிக் கப்பலேறினார். எமிலியும் அதே கப்பலில். சூயஸ் கால்வாய் அருகே தந்தி வந்தது: நவம்பர் 13ஆம் நாள் நித்யானந்தா இறந்துவிட்டார்.

அடையாற்றை அடைந்தபின், டிசம்பர் 28ஆம் நாள் பெரிய ஆலமரத்தின் கீழ் கிருஷ்ணமூர்த்தி பேசினார். வரப்போகிறவரைப் பற்றிப் படர்க்கையில் பேசிக்கொண்டிருந்தவர், திடீரெனத் தன்மைக்கு மாறினார். ஜகத்குரு வந்துவிட்டார் என்று கூட்டம் சிலிர்த்தது. எமிலியும் அப்படியே நம்பினார். உள்ளே இருந்தவர்களின் செவிக்கு அந்த மாற்றம் எப்படி ஒலித்தது என்பதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் கேட்க முடியும்.

ஆனால் தம்பியின் சாவு கிருஷ்ணமூர்த்தியின் உள்ளத்தில் எதையோ உடைத்திருந்தது. 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஹாலந்தின் ஓமன் நகரில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு முன், பெசன்ட் அம்மையாரே உட்கார்ந்திருக்க, நட்சத்திர சங்கத்தை அவர் கலைத்தார். உண்மைக்குப் போட்டுவைத்த பாதை இல்லை, அதை ஒரு சங்கமாக்க முடியாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். சங்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட சொத்துகள் கொடுத்தவர்களுக்கே திரும்பின.

உலகம் கைதட்டியது. கைதட்டியவர்கள் பெரும்பாலும் வெளியே இருந்தவர்கள். எமிலிக்கோ பதினெட்டு ஆண்டுகள் ஒரு காலைப்பொழுதில் கரைந்து போயின. 1930இல் பிரம்மஞான சபையிலிருந்தும் அவர் விலகினார். கிருஷ்ணமூர்த்தியோடு இருந்த பாசம் மட்டும் 1964இல் இறக்கும்வரை அறவில்லை.

அவர் சொன்னதை எப்படிப் படிப்பது?

எமிலி தம் கதையை 1957இல் நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 82. நூல் ஏன் மதிக்கப்படுகிறது? மற்றவர்களின் மயக்கத்தை மட்டும் அல்ல, தம் மயக்கத்தையும் அவர் எழுதினார். 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்பதோடு நிற்காமல், 'நானும் ஏமாற விரும்பினேன்' என்பதையும் ஒப்புக்கொள்ளும் துணிவு அதில் இருக்கிறது.

ஆனாலும் அதை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. நினைவு தேயும்; அன்பும் வருத்தமும் நினைவுக்குச் சாயம் பூசும். நல்ல வேளையாக, ஒப்பிட்டுப் பார்க்க ஆவணங்கள் இருக்கின்றன. கிருஷ்ணமூர்த்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அவருடைய மகள் மேரி லட்யன்ஸ் 1975இல் கிருஷ்ணமூர்த்தியின் வரலாற்றை எழுதினார். சென்னை வழக்கின் பதிவுகளும் இருக்கின்றன.

சபையின் மறுபக்கத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஆல்காட் 1894இல் பள்ளி திறந்தார். அடையாறு நூலகம் 1886 முதல் ஏட்டுச் சுவடிகளைக் காத்து வருகிறது. பெசன்ட் 1917இல் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். மகாத்மாக்களின் கடிதங்களை நம்பாதவர்களும் இவற்றை மறுக்க மாட்டார்கள்.

குருவே வேண்டாம் என்ற கிருஷ்ணமூர்த்தியும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. அவருடைய நெருங்கிய உதவியாளராக இருந்த ராஜகோபாலின் மகள் 1991இல் எழுதிய நூல், தம் தாய்க்கும் அவருக்கும் நெடுங்காலம் இருந்த உறவை வெளியிட்டது. அதையும் சிலர் அப்படியே நம்பினார்கள். சிலர் படிக்கவே மறுத்தார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம்.

விலகியவர் பேசும்போது மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இவர் நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது? இவர் சொல்வதை வேறு ஆவணம் தாங்குகிறதா? தம் பங்கையும் சொல்கிறாரா, அல்லது பழி முழுவதும் பிறர் மேலா? எம்மா கூலோம் மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார். டேவிட் விட்மர் முதல் கேள்வியில் நம்மை யோசிக்க வைப்பார். எமிலி மூன்றுக்கும் ஓரளவு நிமிர்ந்து பதில் சொல்வார்.

புந்தோங்கில் இதற்கு என்ன வேலை?

நட்சத்திர சங்கம் கலைந்த அதே 1929இன் டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், ஈப்போவிலும் பேசினார். எதையும் கேட்டுப் பார் என்ற குரல் அன்றே இங்கு ஒலித்துவிட்டது. ஆனாலும் தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி போவது நிற்கவில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. நம்பிக்கை தவறு என்று எமிலியின் கதை சொல்லவில்லை. கேள்வி கேட்க இடம் தராத நம்பிக்கைக்கு வீட்டிலிருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்றுதான் சொல்கிறது.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த குடும்பங்களில் தனிமை அதிகம். புதிய குரு, புதிய சபை, புதிய தியான மன்றம் என்று யாராவது கதவைத் தட்டி, 'உன் வாழ்க்கைக்கு ஒரு பெரிய காரணம் உண்டு' என்று சொன்னால், வைசிராயின் மகளே மயங்கியபோது மற்றவர்கள் எம்மாத்திரம்? போகிறவர்களில் பலர் நல்ல இடத்துக்கும் போகலாம். சிலர் சேமிப்பையும் பல ஆண்டுகளையும் தொலைத்துவிட்டுத் திரும்புவார்கள்.

அப்படித் திரும்பியவர் ஒட்டுக்கடையில் வந்து உட்கார்ந்தால் கேட்கும் முதல் சொல் என்ன? "நாங்கதான் அப்பவே சொன்னோமே!" அதோடு அவர் வாயை மூடிக்கொள்வார். அவர் கண்டது அவரோடு போய்விடும். அடுத்த வீட்டுப் பிள்ளை அதே வாசலில் ஏறும். எமிலிக்குப் பேச முப்பது ஆண்டு பிடித்தது. அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, "சரிண்ணே, உள்ளே என்னதான் நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டால் போதும். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கலாம். பிறகு விசாரித்தும் பார்க்கலாம்.